மரமும் நாமும்: உப்புத்தாளை முதல்ல கீழ வைங்க

போன மாசம் பழைய ஊஞ்சல் பலகைக்கு லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெய், போடுறதைப் பத்தி நாலு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடிதத்துல பாதி ஊஞ்சலைப் பத்தியே இல்ல, துப்பாக்கிக் கட்டையைப் பத்தி. மலைப்பக்கம் எஸ்டேட் வீடுகள்ல இத்தனை துப்பாக்கி பீரோவுக்குள்ள தூங்குதுன்னு எனக்கே இப்பதான் தெரியும். சரி, இந்த மாசம் முழுக்க அதுதான். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், நான் பாலிஷ் வேலைக்காரன், துப்பாக்கி மெக்கானிக் இல்ல. மரத்தைப் பத்தி கேளுங்க, சொல்றேன். குழல், போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளி அடைக்கிற இரும்புத் தண்டு), ட்ரிகர் பத்தி கேட்டா கையைத் தூக்கிடுவேன்.

எங்க தாத்தா எஸ்டேட் வேலையில இருந்தப்ப வாங்கின .315 ரைபிள், இப்ப அப்பா பேர்ல லைசென்ஸ் இருக்கு. எலக்‌ஷனுக்கு போலீஸ் ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணிட்டு திரும்ப வாங்கிட்டு வந்து பார்த்தா கட்டை முழுக்க வெள்ளை பூத்து, தொட்டா பிசுபிசுங்குது, பின்பக்கம் ரெண்டு இடத்துல குழி வேற. சாண்டிங் மிஷின் வச்சு மொத்தமா இழைச்சு, பளபளன்னு பி.யூ. (பாலியூரித்தேன்) கோட்டிங் அடிச்சிடலாமா? (வாசகர், கோத்தகிரி)

வேணாம் சார். கோட்டிங் கூட அப்புறம், அந்த மிஷினை முதல்ல யார்கிட்ட இரவல் வாங்கினீங்களோ அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.

.315னாலே கொல்கத்தா பக்கத்துல இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில செஞ்சதாதான் பெரும்பாலும் இருக்கும். .303 பட்டாளத்து தோட்டா, அதை பொதுஜனம் வச்சிக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துலயே தடை, அதனால வேட்டைக்காரங்களுக்குன்னு ஓடுனது இந்த .315. கட்டையைத் துடைச்சுப் பாருங்க, பிரவுன் நிறத்துல கருப்புக் கோடு ஓடுச்சுன்னா அது வால்நட், நம்ம அக்ரூட் மரம். அந்தக் காலத்து வால்நட் கட்டைக்கு மேல பெரும்பாலும் வார்னிஷ் கிடையாது, எண்ணெய்தான், அது மரத்துக்குள்ள இறங்கி நிக்கும். கிரிக்கெட் பேட்டுக்கு தடவுவோமே அதே ஆளிவிதை எண்ணெய்தான், பட்டாளத்துலயும் சிப்பாய்ங்க அதைத்தான் கையால தேய்ச்சிருக்காங்க. அந்த மரத்து மேல பி.யூ. அடிச்சீங்கன்னா கண்ணாடி பேப்பர் சுத்தின மாதிரி ஆயிடும், ஒரு தடவை எங்கயாவது இடிச்சு ஓரத்துல விரிசல் விட்டா உள்ள ஈரம் போய் தோல் உரியிற மாதிரி உரியும், அப்புறம் அந்த ஒரு இடத்தை மட்டும் சரி பண்ணவும் முடியாது.

நான் இவ்வளவு பதறுறதுக்கு காரணம் இருக்கு. இருபத்திரெண்டு வயசுல எங்கப்பா ஊருக்குப் போயிருந்த நேரம், தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுக்குப் போய் அவர் கண்ணு முன்னாடியே அவரோட துப்பாக்கிக் கட்டையை 80 நம்பர் தாள்ல (நம்பர் குறைஞ்சா கொரகொரப்பு ஜாஸ்தி) ஆரம்பிச்சு இழைச்சேன், மரம் புதுசு மாதிரி வெளுத்துச்சு, எனக்கு ஒரே பெருமை. திரும்ப மாட்டிப் பார்த்தா பின்னாடி இருக்கிற இரும்புத் தகடு, பட் பிளேட்டுன்னு சொல்றது, மரத்தை விட ஒரு நூல் வெளிய நிக்குது. விரலை மரத்துலருந்து அப்படியே இழுத்துட்டு வந்தா தகட்டு ஓரத்துல நகம் டக்குனு தட்டும். மரம் இரும்புக்கு சமமாவோ ஒரு மயிரிழை மேலயோதான் நிக்கணும், கீழ இறங்கிட்டா அதுக்கு மருந்தே இல்ல, போன மரம் திரும்ப வராது. கட்டையில குத்தியிருந்த ஃபேக்டரி முத்திரையும் அதோட போச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, எங்கப்பாதான் ஊர்லருந்து வந்ததும் சொன்னார், அதை இங்க எழுத முடியாது.

இப்ப உங்க வேலைக்கு வருவோம். லைசென்ஸ் அப்பா பேர்ல, அதனால அப்பா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்க. தோட்டா இல்லைன்னு அவரே ரெண்டு தடவை பார்த்து, போல்ட்டை உருவி தனியா வைக்கட்டும், தோட்டா டப்பா இருக்கிற ரூம்லயே வேலை வேண்டாம். ஸ்க்ரூ கழட்டினா ஒரு அட்டையில துப்பாக்கி படம் கிறுக்கி எது எங்கருந்து வந்துச்சோ அங்கயே குத்தி வைங்க, நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறும். இரும்புல இருக்கிற நம்பர் பக்கம் எதையும் கொண்டு போகாதீங்க, அது சட்ட விஷயம். கழட்ட பயமா இருந்தா கழட்டாமலே, இரும்பு பூரா மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு செய்யலாம், முக்கால்வாசி வேலை அப்படியே முடிஞ்சிடும்.

வெள்ளை பூத்திருக்கிறது பூஞ்சை, மரம் ஒண்ணும் கெடல. உலர்ந்த துணியால வெளிய வச்சு துடைங்க, மூக்கைக் கட்டிக்குங்க. பிசுபிசுப்பு பல வருஷத்து எண்ணெய், தூசி, கை வேர்வை எல்லாம் சேர்ந்த அழுக்கு. டர்பண்டைன் பாதி, லின்சீட் ஆயில் பாதி கலந்து பழைய பனியன் துணியில தொட்டு தேயுங்க, விடாப்பிடியான இடத்துல மட்டும் நாலு ஜீரோ ஸ்டீல் வூல் (ரொம்ப மெல்லிசான இரும்பு நார்), மரத்தோட ஓட்டத்துலயே, குறுக்க வேணாம். துணி காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கருப்பா வரும், துணியை மாத்திக்கிட்டே இருங்க, வெளுப்பா வர்ற வரைக்கும். நிறைய பேருக்கு வேலை இங்கயே முடிஞ்சு போகும். அழுக்கு போனதும் உள்ள இருக்கிற கோடெல்லாம் தெரியும், அதைப் பார்த்தப்புறம் இழைக்கணும்னு உங்களுக்கே தோணாது.

குழிக்கு இஸ்திரிப் பெட்டி. ஆமா, வீட்ல துணி தேய்க்கிறதுதான். குழியில மரம் அமுங்கி இருக்கு, வெட்டுப்படல, அதனால ஆவி குடுத்தா நார் ஊதி மேல வரும். ஒரு காட்டன் கைக்குட்டையை நனைச்சு பிழிஞ்சு நாலா மடிச்சு குழி மேல வச்சு, பெட்டியோட மூக்கு நுனியால அஞ்சு செகண்ட் அழுத்துங்க, ஸ்ஸ்ஸ்னு சத்தம் வரும், எடுத்துப் பாருங்க, மறுபடி நனைங்க, மறுபடி அழுத்துங்க. மூணாவது நாலாவது தடவையில குழி மேல எழும்பி வர்றது கண்ணுக்கே தெரியும், எனக்கு முப்பது வருஷம் ஆகியும் அதைப் பார்க்க அலுக்கல. துணி காய்ஞ்சு போற வரைக்கும் பெட்டியை விட்றாதீங்க, கருகிடும். கத்தி வெட்டு மாதிரி நார் அறுந்திருந்தா இது வேலைக்கு ஆகாது, அப்படி இருந்தா அதை அப்படியே விட்றுங்க, உங்க தாத்தா எங்கயோ வாங்கின அடையாளம்னு இருந்துட்டுப் போகட்டும்.

ஆவி பட்ட இடம் காய்ஞ்சதும் சொரசொரன்னு நார் நிக்கும், அந்த இடத்துல மட்டும் 320, அப்புறம் 400 நம்பர் தாள்ல லேசா ரெண்டு தடவை. தாளை கையில சுருட்டிப் பிடிக்காதீங்க, ஒரு அழிரப்பர் துண்டுல சுத்திப் பிடிங்க, இல்லைன்னா விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம் ஆகும்.

அப்புறம் எண்ணெய். ஹார்ட்வேர் கடையில டபுள் பாயில்ட் லின்சீட்னு கேளுங்க, அதுல சீக்கிரம் உலர மருந்து சேர்த்திருக்கும், ஒரு நாள்ல உலரும், காய்ச்சாத பச்சை எண்ணெய்னா வாரக்கணக்குல இழுக்கும். வாங்கினதும் ஒரு சொட்டை கண்ணாடித் துண்டுல மெல்லிசா தேய்ச்சு ராத்திரி வச்சுப் பாருங்க, மறுநாள் சாயங்காலமும் ஈரமா இருந்தா கடைக்காரர் எதையோ கலந்திருக்கார். நாலு சொட்டு உள்ளங்கையில விட்டு கட்டையில சூடு பறக்க தேயுங்க, கால் மணி நேரம் விட்டு, உலர்ந்த துணியால ஒரு சொட்டு மேல நிக்காம துடைச்சு எடுத்துடுங்க. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, பளபளப்பு வரட்டும்னு தடிமனா விட்டுடுவாங்க, அது மேல தோல் கட்டி அடியில ஈரமா நிக்கும், மறுபடி அதே பிசுபிசுப்பு. மெல்லிசா ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு வாரம். அப்புறம் வாரம் ஒரு தடவை ஒரு மாசம். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். கோத்தகிரி பனியில எண்ணெய் உலரவே உலராது, அதனால பிப்ரவரி மார்ச் வெயில் அடிக்கிறப்ப வச்சிக்குங்க, ஐப்பசி மழையில தொடவே தொடாதீங்க.

இன்னொண்ணு, துப்பாக்கியை நிமிர்த்தி நிக்க வச்சிருப்பீங்க. குழலுக்குள்ள போடுற எண்ணெய் மெதுவா இறங்கி கைப்பிடி மரத்துல ஊறி, அந்த இடம் கருத்து பஞ்சு மாதிரி ஆயிடும். எண்ணெய் போட்டா ரெண்டு நாள் குழல் வாய் கீழ பார்க்க ஒரு துணி மேல சாய்ச்சு வைங்க.

பையன் பிராக்டீஸுக்கு பழைய ஏர் ரைபிள் ஒண்ணு வாங்கினோம். கட்டைக்கு சிவப்பா ஏதோ அடிச்சிருக்காங்க, அது பொரிஞ்சு பொரிஞ்சு உதிருது. இதுக்கும் எண்ணெய்தானா? (வாசகி, கோயம்புத்தூர்)

இது வேற கேஸ்மா. இங்க மேல பூச்சு இருக்கு, அது என்னன்னு தெரிஞ்சாதான் வழி தெரியும். ட்ரிகர் கார்டுக்கு அடியில, யாரும் பார்க்காத இடத்துல, காது குடையிற பஞ்சை பாலிஷ் ஸ்பிரிட்ல தொட்டு அரை நிமிஷம் வைங்க. பிசுக்கா இளகி பஞ்சுல ஒட்டுச்சுன்னா அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையல, தின்னருக்கு இளகுதுன்னா லேக்கர். ரெண்டுக்கும் மசியலைன்னா பி.யூ. முதல் ரெண்டும் அந்தந்த திரவத்துலயே துணியால கரைச்சு எடுத்துடலாம். மூணாவதுக்கு பெயிண்ட் ரிமூவர் வேணும், அது நெடி பொல்லாதது, மொட்டை மாடியில காத்தோட்டமா, ரப்பர் கிளவுஸ் போட்டு, பையனை கிட்ட விடாம செய்யுங்க. சுரண்ட இரும்பு பட்டி வேணாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். பூக்கட்டம் மாதிரி கோடு வெட்டியிருக்கிற இடத்துல டூத் பிரஷ் மட்டும்தான், தாள் பட்டா அந்த முள்ளெல்லாம் மழுங்கிடும்.

கட்டையை கழட்டுறப்ப முன்னாடி பக்கத்து ஸ்க்ரூக்கள், ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ, இது போதும், மொத்த இரும்பும் ஒரே துண்டா கையோட வரணும். அந்த இரும்புக் குழாயோட பின்மூடியை மட்டும் ஆர்வக்கோளாறுல திருகிடாதீங்க, உள்ள ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கு, மூஞ்சியில வந்து அடிக்கும்.

பூச்சு போனதும் வெளுப்பா, சின்னச் சின்ன பழுப்புப் புள்ளி தெறிச்ச மாதிரி மரம் தெரிஞ்சா அது பீச் மரம், ஏர் ரைபிளுக்கு நிறைய அதுதான் போடுவாங்க. அது கலர் வாங்குறதுல கொஞ்சம் அடம், கடையில விக்கிற ஸ்டெயினை அடிச்சா திட்டுத்திட்டா, தேமல் வந்த மாதிரி நிக்கும். அதுக்குத்தான் அந்த ஃபேக்டரிக்காரன் சிவப்பா மேலயே பூசி மறைச்சது. நான் ஒரு வழி சொல்றேன், சிரிக்காதீங்க. தலைக்கு எண்ணெய் காய்ச்சுறப்ப போடுவீங்களே வேம்பாளம்பட்டை, நாட்டு மருந்துக் கடையில கிடைக்கிறது, அதை ஒரு கைப்பிடி கண்ணாடி பாட்டில்ல போட்டு லின்சீட் ஆயிலை ஊத்தி வெயில்ல ஒரு வாரம் வைங்க. எண்ணெய் மாதுளம்பழச் சாறு மாதிரி சிவந்திடும். இங்கிலாந்துல துப்பாக்கி ஆசாரிங்க அல்கனெட்னு ஒரு வேரை எண்ணெயில ஊற வச்சு வால்நட் கட்டைக்கு அந்த செம்பழுப்பு நிறத்தை ஏத்துனாங்க, வேலை அதேதான். கலர் எண்ணெயோடயே இறங்குறதால திட்டு கம்மியா விழும். முதல்ல கழிவு மரத்துண்டுல பார்த்துட்டு இறங்குங்க. ரெண்டு கோட் இந்த எண்ணெய், மேல சாதா எண்ணெய். பூச்சு எடுத்தப்புறம் 220ல ஆரம்பிச்சு 320, ஈரத்துணியால ஒரு துடை, காய விட்டு எழுந்த நாரை 400ல நீவிட்டு அப்புறம் எண்ணெய், இந்த ஈரத்துணி ஸ்டெப்பை தாவினா முதல் மழைக்காலத்துலயே கட்டை சொரசொரத்துடும்.

லின்சீட் ஆயிலுக்கு எங்க போறது, வீட்ல இருக்கிற தேங்காய் எண்ணெய் தடவினா என்ன? (வாசகர், பொள்ளாச்சி)

பொள்ளாச்சிக்காரர் இப்படித்தான் கேட்பார்! தடவின அன்னிக்கு சூப்பரா இருக்கும் சார், ஆனா அது உலராது, என்னிக்குமே உலராது. எண்ணெய் காத்துல உலருமான்னு பார்க்க அயோடின் எண்ணுன்னு ஒரு கணக்கு இருக்கு, சுமார் 130க்கு மேல இருந்தா உலர்ற ஜாதி. ஆளிவிதை 170ஐத் தாண்டும், நல்லெண்ணெய் 100லருந்து 120க்குள்ள, தேங்காய் எண்ணெய் வெறும் 10 பக்கம். தேங்காய் எண்ணெய் தலைக்கு, கட்டைக்கு இல்ல.

எங்க ஊர் ஆசாரி நல்லா வேலை செய்வார், ட்வெல்வ் போர் துப்பாக்கியை அவர் பட்டறையில ஒரு வாரம் குடுத்து வைக்கலாமா? (வாசகர், தேனி மாவட்டம்)

கூடாது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேர் பண்றதுக்கே லைசென்ஸ் வேணும், லைசென்ஸ் இல்லாதவர் கையில உங்க துப்பாக்கி இருந்தா அவருக்கும் வினை உங்களுக்கும் வினை. அவர் நல்ல ஆசாரிங்கிறது போலீஸ்ல எடுபடாது. கட்டையை மட்டும் கழட்டிக் குடுக்கிறேனேன்னு அடுத்து கேட்பீங்க, துப்பாக்கியோட பாகமும் சட்டத்துல ஆயுதக் கணக்குதான். லைசென்ஸ் வச்சிருக்கிற ஆயுதக் கடையில குடுத்து ரசீது வாங்கிக்குங்க, இல்ல மேல சொன்ன மாதிரி நீங்களே வீட்ல உட்கார்ந்து செய்யுங்க. சின்ன குழல் ஏர் ரைபிளுக்கு, 0.177 இன்ச், 20 ஜூலுக்கு உள்ள சக்தின்னா, இந்தத் தொல்லை இல்ல.

கைப்பிடி பக்கம், போல்ட்டுக்குப் பின்னாடி, முடி மாதிரி ஒரு விரிசல். ஃபெவிகால் விட்டு மூடிட்டு மேல பாலிஷ் போட்டுடலாமா? (வாசகர், வால்பாறை)

ஏர் ரைபிள்னா ஃபெவிகால் வேணாம், மெதுவா இறுகுற ஆரல்டைட். விரிசல்ல எண்ணெய் ஊறியிருக்கும், முதல்ல அசிட்டோனை ஊசியால விட்டு விட்டு கழுவணும், எண்ணெய் மேல எந்த பசையும் பிடிக்காது. அப்புறம் பசையை ஹேர் டிரையர்ல கொஞ்சம் இளக்கி விட்டு, சைக்கிள் ட்யூபை பட்டையா வெட்டி இறுக்கிச் சுத்தி ஒரு நாள் தொடாம வைங்க. ஆனா நீங்க போல்ட்டுன்னு எழுதியிருக்கீங்க, அப்ப அது பெரும்பாலும் தோட்டா துப்பாக்கிதான். சுடும்போது வர்ற உதை முழுக்க அந்த இடத்துலதான் இறங்கும். நானா இருந்தா அதைத் தொட மாட்டேன், பாலிஷ் போட்டு மறைக்கவும் மாட்டேன், மறைச்சா அடுத்து எடுக்கிறவருக்கு விரிசல் இருக்கிறதே தெரியாது. ஆயுதக் கடை மெக்கானிக் பார்த்து சொல்ற வரைக்கும் சுடாதீங்க.

லின்சீட் ஆயில் துடைச்ச துணி தானா தீப்பிடிக்கும்னு என் மாமா பயமுறுத்துறார். கதைதானே? (வாசகி, ஊட்டி)

மாமா சொல்றது நூத்துக்கு நூறு நிஜம்மா. அந்த எண்ணெய் உலர்றதே காத்துல இருக்கிற ஆக்சிஜனை இழுத்துத்தான், இழுக்கும்போது சூடு வரும். கட்டை மேல மெல்லிசா இருக்கிறப்ப அந்த சூடு காத்தோட போயிடும், துணியை உருண்டையா சுருட்டி மூலையில போட்டீங்கன்னா வெளிய போக வழி இல்லாம உள்ளயே ஏறி ஏறி, தீக்குச்சியே இல்லாம பத்திக்கும். என் பட்டறையில ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெயிண்ட் டப்பாவுல நாலு துணியை அமுக்கிப் போட்டுட்டு டீ குடிக்கப் போனேன், வந்தா வறுத்த கடுகு தீயுற மாதிரி ஒரு நெடி. டப்பாவைத் தொட்டா கை வைக்க முடியல. மேல் துணி சாதாரணமாத்தான் இருக்கு, கம்பியால கிளறினா நடுத்துணி பப்படம் மாதிரி பழுப்பா மொறுமொறுத்துப் போய் புகையுது. அப்படியே வாளித் தண்ணிக்குள்ள தள்ளினேன். இன்னும் அரை மணி நேரம் கழிச்சு வந்திருந்தா பக்கத்துல இருந்த தின்னர் கேனோட சேர்ந்து போயிருக்கும்.

அதனால துடைச்ச துணியை ஒத்தை ஒத்தையா விரிச்சு வெளியில கொடியில போடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு வேணாம். ரெண்டு மூணு நாள்ல அப்பளம் மாதிரி விறைச்சிடும், அப்புறம் குப்பையில போடலாம். மழைன்னா தண்ணி நிரப்பின டப்பாவுல முக்கி மூடி வைங்க. மெஷின்ல துவைக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. பழைய பனியன் துணிதானேம்மா, விட்றுங்க.